பத்து எண்ணும் வரை

மார்ச் 4

இன்று மெழுகுக்காரரோடு சண்டை. திசுவை மெழுகில் பதித்து வெட்டுவது அவர் வேலை, அதனால் லேபில் அவருக்கு அந்தப் பெயர். இருட்டறையில் என் மைக்ராஸ்கோப்பை எட்டிப் பார்த்துவிட்டு, விளக்கின் மறைப்பை மூடாமல் டீ குடிக்கப் போய்விட்டார். நான் வந்து பார்த்தால் ஸ்லைடு செத்துக் கிடக்கிறது. பச்சையாக மின்னும் சாயம் அந்த விளக்கு வெளிச்சத்திலேயே சில நிமிடங்களில் மங்கிவிடும் என்று பதினாறு வருடமாகத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

"பத்து எண்ணுங்க, மூடுங்க. பத்து வரைக்கும் எண்ணத் தெரியாதா?" என்றேன்.

"கோபம் வந்தா நீங்க பத்து எண்ணிப் பார்த்திருக்கீங்களா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 9

வீட்டுக்குக் கீழே தன் சலூனில் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு முடி வெட்டிக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "செருப்பு சின்னதாயிடுச்சுக்கா" என்றான். முப்பத்து மூன்று வயதில் யாருக்குக் கால் வளரும்? உட்கார வைத்துக் கணுக்காலை அமுக்கினேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

வாடிக்கையாளர் ஒருவர் பாதித் தலையோடு உட்கார்ந்து எங்களையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 12

சிறுநீரில் புரதம். ரத்தமும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, கிரியாட்டினின், தம்பிக்கு இரண்டுக்கு மேல்; ஒன்றையொட்டி இருக்கவேண்டியது. அந்தத் தாளை மூன்று முறை மடித்துக் கைப்பையில் வைத்தேன். மடித்தால் எண் குறையுமா என்ன.

மார்ச் 20

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பயாப்ஸி. ஊசி போட்டு சிறுநீரகத்திலிருந்து நூல் மாதிரி இரண்டு துண்டு எடுத்தார்கள். அவற்றில் ஒன்றின் நுனி என் மேஜைக்கு வந்தது, உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி. சீட்டில் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. ஆனால் இன்று சிறுநீரகத்தில் ஊசி போட்டுக்கொண்டது ஒரே ஆள்.

ஸ்லைடைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் எங்கள் லேப் டாக்டர் மேடம் கேட்டார், "வேற யார்கிட்டயாவது குடுத்துடவா?"

எங்கள் லேபில் இதைச் செய்யத் தெரிந்த வேறு யார் இருக்கிறார்கள்? "நானே செய்யறேன் மேடம்" என்றேன்.

மார்ச் 21

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தொண்டையிலேயே நிற்கும்.

உறையவைத்து வெட்டினேன். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டுகிற உருண்டைகள் அந்தத் துண்டில் இரண்டே இரண்டுதான் கிடைத்தன. ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒவ்வொரு சொட்டு, மின்னும் ஆன்டிபாடி. உடம்பின் சொந்த ஆன்டிபாடி அங்கே படிந்திருந்தால் நான் விடும் சொட்டு போய் அதைப் பிடித்துக்கொள்ளும். இருட்டில் பச்சையாக எரியும். படியாவிட்டால் வெறும் கறுப்பு. இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கில் பார்த்தாகிவிட்டது.

ஐஜிஏ ஸ்லைடை வைத்து மறைப்பைத் திறந்தேன். கொழுந்துவிட்டு எரிந்தது. கிளை கிளையாக, உருண்டையின் நடுவெல்லாம். சளி காய்ச்சலை விரட்டுவதற்காக உடம்பு செய்கிற ஆன்டிபாடிதான் ஐஜிஏ, வழி தவறிப் போய் வடிகட்டியில் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். எங்கே விட்டேன் தெரியவில்லை. முதல் உருண்டையைப் பார்த்தேன், இரண்டாவதைப் பார்த்தேன், திரும்ப முதலாவதுக்கு வந்தேன். அவனுக்குள்ளே என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூலுக்கு அவனை இழுத்துக்கொண்டு போனது ஞாபகம் வந்தது, எதற்கென்று தெரியவில்லை. சுதாரித்துப் பார்த்தபோது பச்சை சாம்பலாகிக்கொண்டிருந்தது. மறைப்பை மூடினேன்.

மெழுகுக்காரரைப் பார்த்துக் கத்தினேனே, அதே தப்பு. அதைவிட மோசம். அவர் டீ குடிக்கப் போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்து அழித்தேன்.

மார்ச் 22

மேடம் பார்த்தார். போட்டோ எடுத்தார். "ஐஜிஏ ரொம்ப மங்கலா இருக்கே. நிச்சயமா சொல்ல முடியல. உறைய வெச்சதுல மிச்சம் இருக்கா, இன்னொரு தடவை வெட்டிப் பார்க்கலாமா?"

மிச்சம் இருந்தது. "கொஞ்சம்தான் மேடம். உருண்டை இருக்காது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தப்பு வெளியே வந்துவிடும் என்றா? அதுவும்தான். ஆனால் அது மட்டும் இல்லை. மங்கலாகவே இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது. மேடம் 'மங்கல்' என்று எழுதினால் நோயும் மங்கிவிடும் என்பது மாதிரி. படித்த முட்டாள் என்று அம்மா என்னைத் திட்டுவதில் தப்பே இல்லை.

மார்ச் 27

முழு ரிப்போர்ட் வந்தது, இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் 'ஐஜிஏ – மங்கல், முடிவாகச் சொல்ல இயலாது' என்ற வரியைத் தாண்டிக் கண் நகரவில்லை.

ஏப்ரல் 2

தம்பியோடு சிறுநீரக டாக்டரைப் பார்க்கப் போனேன். பொறுமையான மனிதர், பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறார். "காரணம் தெளிவா தெரியாம ஸ்டீராய்டு ஆரம்பிக்க எனக்கு இஷ்டம் இல்ல. ரத்த அழுத்த மாத்திரை மட்டும் போடுங்க. இன்னும் சில ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு, ரெண்டு வாரம் கழிச்சு முடிவு பண்ணலாம்."

தம்பிக்கு ஒரே குஷி. வெளியே வந்ததும், "பார்த்தியா, டாக்டருக்கே என்னன்னு தெரியல. நீதான் பெருசா பயமுறுத்தின" என்றான்.

பயமுறுத்தியவள் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

ஏப்ரல் 6

சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 8

தம்பி மனைவி மாடிக்கு வந்து துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அண்ணி, நீங்க லேப்லயே இருக்கீங்க. ஏதாவது இருந்தா உங்களுக்குத் தெரியாம போகுமா? நீங்க இருக்கற தைரியத்துலதான் நான் தூங்கறேன்."

இதற்கு அவள் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

ஏப்ரல் 11

மேடத்திடம் சொல்லிவிட்டேன். மின்விளக்கு எல்லாம் எரிகிற அறையில், நேராக நின்றுகொண்டு, ஸ்கூல் பிள்ளை மாதிரி. அதிக நேரம் பார்த்ததை, மங்கவிட்டதை, மிச்சம் இருந்தும் இல்லை என்றதை. திட்டுவார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு வெட்டு. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார். அப்புறம், "பொய் சொன்னதுக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடு. அதைத் தனியா பார்த்துக்கறேன்" என்றார்.

ஏப்ரல் 12

மூன்று உருண்டைகள். மேடமே மறைப்பைத் திறந்தார், சத்தமாக எண்ணினார். ஆறில் மூடினார். திரும்பி என்னைப் பார்த்து, "எரியுது" என்றார். அவ்வளவுதான்.

தலை குனிந்து கேட்டேன். "மேடம், என்னால மூணு வாரம் போச்சு. அதுல அவனுக்கு எவ்வளவு போயிருக்கும்?"

நாளைக்கு வரச் சொன்னார்.

ஏப்ரல் 13

மேடம் என்னை வெளிச்ச அறையில், சாதாரண மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். தம்பியின் அதே பயாப்ஸியின் மீதியை மெழுகுக்காரர் வெட்டிய ஸ்லைடு. இதில் எதுவும் மின்னாது. இளஞ்சிவப்பும் ஊதாவுமான வெறும் சாயம், எத்தனை நாள் பார்த்தாலும் மங்காது.

"எண்ணு" என்றார்.

பதினாலு உருண்டை. எட்டு, வடுவாகிக் கெட்டியாகிப் போனவை. சுற்றிலும் இருந்த குழாய்களில் பாதிக்குப் பாதி சுருங்கிக் கிடந்தன.

"இது உன் மூணு வாரத்துல வந்ததில்ல. பல வருஷமா வந்தது. பச்சை எவ்வளவு எரியுதுங்கறது நோய்க்குப் பேர் வைக்கத்தான். இனிமே என்ன ஆகும்னு சொல்றது இதுதான், இந்த வடு. ரெண்டாம் பக்கத்துல எழுதியிருந்தேனே. நீ படிக்கலையா?"

படிக்கவில்லை.

இதைக் கேட்டால் நிம்மதியாக இருக்கவேண்டும், இல்லையா? என் தப்பால் அவனுக்கு ஒன்றும் போகவில்லை. ஆனால் கழிவறையில் போய் நின்று அழுதேன். தப்பு என்னுடையதாக இருந்திருந்தால் சரிசெய்யவும் என்னால் முடியும் என்று எங்கோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது அதுவும் இல்லை. நான் அழித்ததும் ஒன்றும் இல்லை, நான் திரும்பக் கொண்டுவந்ததும் ஒன்றும் இல்லை. எட்டு போய்விட்டது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 14

பல வருஷம் என்றாரே, எத்தனை வருஷம்? பழைய நோட்டுகளை எல்லாம் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டேன். அம்மா, "வீட்டை ஏன்டி இப்படிக் கலைக்கற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஏழு வருடத்துக்கு முந்தைய நோட்டு, டிசம்பர் 2. என் கையெழுத்துதான். ஒரே வரி:

'தம்பிக்குச் சளி. சிறுநீர் சிவப்பாகப் போனதாம். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேன்.'

டிசம்பர் 3-இல் புதுத் திரைச்சீலை வாங்கியதைப் பற்றி முக்கால் பக்கம்.

ஏப்ரல் 16

சிறுநீரக டாக்டர் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார். சிறுநீரகம் இப்போது முப்பத்தெட்டு சதவீதம்தான் வேலை செய்கிறதாம். தம்பி மருந்துக் கடைக்குப் போனதும் நான் மட்டும் உள்ளே நின்றுகொண்டேன்.

"ஏழு வருஷம் முன்னாடி ஒரு தடவை சிறுநீர் சிவப்பா போச்சு டாக்டர். நான்தான் தண்ணி குடின்னு சொல்லிட்டேன். அப்பவே உங்ககிட்ட வந்திருந்தா?"

பேனாவை மூடினார். "சொல்ல முடியாதும்மா. இதே நோய் சிலருக்கு நாப்பது வருஷம் இருக்கும், ஒண்ணும் பண்ணாது. சிலருக்குப் பத்து வருஷத்துல ரெண்டு சிறுநீரகத்தையும் சாப்பிட்டுடும். அப்பவே வந்திருந்தா மாத்திரை குடுத்திருப்பேன். தள்ளிப் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்."

ஆமாம் என்றாவது சொல்லியிருக்கலாம். இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 18

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சிவப்பு சிறுநீர் உட்பட. கத்தரியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அப்போ நான் தண்ணி குடிச்சேனா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் குடிக்கலை. ஆக நீயும் தப்பு வைத்தியம் சொன்ன, நானும் கேக்கலை. சரியாப் போச்சு, விடு."

இவனை என்ன செய்வது.

ஆகஸ்ட் 30

தம்பிக்கு ஸ்டீராய்டில் முகம் ஊதிவிட்டது. கன்னம் பலூன் மாதிரி. நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நிற்கிற தொழில். வருகிறவர்கள் எல்லாம், "என்ன, நல்லா தேறிட்டீங்க போல" என்கிறார்களாம். "வீட்டுச் சாப்பாடு" என்று பதில் சொல்கிறானாம். இன்று நான் இறங்கிப் போனபோது ஆள் இல்லாத கடையில் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

நவம்பர் 12

ஸ்டீராய்டு நிறுத்தியாகிவிட்டது. புரதம் பாதியாகக் குறைந்திருக்கிறது! அம்மாவை எழுப்பிச் சொன்னேன். தம்பி மனைவி அழுதாள். நானும் ஒரு நாள் மனிதர்களைப் போலச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 8 (புது நோட்டு)

முப்பத்தொன்று சதவீதம்.

செப்டம்பர் 19

இருபத்திரண்டு. உப்பு இல்லை, எதுவும் இஷ்டப்படி இல்லை. தண்ணீர்கூட அளந்து. மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை அவன். என்ன சொன்னாலும் கேட்கிறான். சொன்னதை எல்லாம் செய்தும் எண் இறங்கிக்கொண்டே போனால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? மெழுகுக்காரர்கூட இப்போது என்னிடம் மெதுவாகப் பேசுகிறார். அது இன்னும் எரிச்சல்.

ஜனவரி 25 (மூன்றாவது நோட்டு)

பதின்மூன்று. ஒன்று, டயாலிசிஸ். இல்லாவிட்டால் யாராவது ஒரு சிறுநீரகம் தரவேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை, முடியாது. தம்பி மனைவிக்குப் பொருந்தவில்லை. எனக்குப் பொருந்துகிறது. எல்லாமே பொருந்துகிறது, ஒரே அச்சு என்றார்கள்.

எனக்குக் குடும்பம், குழந்தை என்று இல்லை. கேட்க ஆள் இல்லாதது முதல் முறையாக வசதியாக இருக்கிறது.

ஜனவரி 28

மேடம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "உனக்குத் தெரியாததில்ல. வடிகட்டியை மாத்தலாம். அந்த ஆன்டிபாடியை செய்யற உடம்பு அவனோடதுதான். புதுசிலேயும் வந்து படியலாம்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா?"

"படியாமலும் இருக்கலாமே மேடம்."

டாக்டர்களின் பேச்சு எனக்கும் வந்துவிட்டது.

பிப்ரவரி 3

அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. இன்று சொன்னாள், "ரெண்டும் நான் பெத்தது. ஒண்ணைக் காப்பாத்த இன்னொண்ணை வெட்டச் சொல்றதுக்கு எனக்கு வாய் வருமா? வேணாம்னு சொல்லவும் வாய் வரல." பிறகு என் தலையில் எண்ணெய் வைத்தாள். நாற்பத்திரண்டு வயதுக்காரி, குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 14

முடிந்தது. வலது பக்கம் படுக்க முடிகிறது, இடது பக்கம் முடியவில்லை. இருமினால் உயிர் போகிறது. நர்ஸ் வந்து, "உங்க தம்பிக்கு ஆபரேஷன் மேஜைமேலயே புது கிட்னியிலேர்ந்து சிறுநீர் வந்துடுச்சு" என்றாள். இவ்வளவு நல்ல சேதியை இவ்வளவு அசிங்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சிரித்தேன், தையல் பிடித்து இழுத்தது.

ஜூலை 30

தம்பி மாடியேறி வந்தான், மூச்சு வாங்காமல். "அக்கா, உன் கிட்னி உன்னை மாதிரியேதான். காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி விட்டுடுது. ஒரு நாள் லீவு கிடையாது."

"என்கிட்ட இருந்தப்போ ஒழுங்காதான் இருந்துது. உன்கிட்ட வந்துதான் கெட்டுப்போயிருக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது; அவன் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

மார்ச் 11 (நாலாவது நோட்டு)

கடைக்குப் புது நாற்காலி வாங்கியிருக்கிறான், மேலும் கீழும் போகிற வகை. அம்மாவை உட்கார வைத்து ஏற்றி இறக்கி விளையாட்டு. இதை எழுதி வைக்கிறேன். முக்கியமானதற்கு நான் எப்போதும் ஒரு வரிதான் எழுதுகிறேன், திரைச்சீலைக்கு முக்கால் பக்கம்.

அக்டோபர் 16

தம்பியின் சிறுநீரில் புரதம். குறைவுதான், ஆனால் போன மாதம் இல்லை. பயாப்ஸி எடுத்துவிடலாம் என்கிறார் சிறுநீரக டாக்டர்.

அக்டோபர் 22

உப்புநீர்த் துணியில் சுற்றி என் மேஜைக்கு வந்தது. சீட்டில் தம்பியின் எண். உள்ளே இருக்கிற திசு என்னுடையது. இதற்கு எந்தப் பெயர் எழுதுவது சரி?

மேடம் ஒரு நிமிடம் என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 23

வெட்டினேன். கழுவினேன். சொட்டு விட்டேன். ஏழு உருண்டைகள், ஒவ்வொன்றும் வட்டம் வட்டமாக. நாற்பத்திரண்டு வருடம் எனக்காக ஓடியவை. ஐஜிஏ ஸ்லைடை வைத்து மறைப்பைத் திறந்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கில் மூடிவிட்டேன். தெரிந்துவிட்டது. மற்றதை மேடம் பார்க்கட்டும் என்று வெளியே வந்து கையைக் கழுவினேன், மறுபடி கழுவினேன்.

அக்டோபர் 25

பச்சை, லேசாக. வடு ஒன்றுகூட இல்லை. இந்த முறை இரண்டாம் பக்கத்தை முதலில் படித்தேன்.

"இனி என்ன ஆகும் டாக்டர்?" என்று தம்பிதான் கேட்டான். நான் கேட்கவில்லை. பதில் எனக்கு மனப்பாடம்.

அக்டோபர் 26

கடை மூடிய பிறகு புது நாற்காலியில் என்னை உட்கார வைத்து முடி வெட்டிவிட்டான். கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான், "உன் கிட்னியை நான் கெடுத்துட்டேனாக்கா?"

"தலையை ஆட்டாம வெட்டுடா" என்றேன்.

"தலையை ஆட்டறது நீ."

ஆமாம், நான்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். இல்லை, இல்லை என்று.

டிசம்பர் 5

தம்பிக்குச் சளி. காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனதாம். தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை. லேபுக்குக் கொண்டுபோகக் குப்பியை அவன் கையில் கொடுத்துவிட்டு, கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று எண்ண ஆரம்பித்தேன்.